ஊசி படாத கை

கலைமணி பாலித்தீன் பையைக் கிழித்துக் கணவரின் கழுத்தைச் சுற்றி ஒட்டினாள். வெந்நீர்ச் செம்பை எடுத்தாள்.

"பாத்து ஊத்து புள்ளே. லாரிக்குத் தண்ணி அடிக்கிற மாதிரி அடிச்சுறாதே."

"பேசாம குனிங்க. வாய்க்குள்ள போயிரும்."

தீனதயாளன் குனிந்தபடியே சிரித்தார்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் அவர் வெல்டர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தம் போய்வரக் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அது நனையவே கூடாது என்றும், கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டு நரம்பு தடிக்க ஆறு வாரமாகும், அதன்பின் குழாயை எடுத்துவிடலாம் என்றும் நர்ஸ் லிடியா சொல்லியிருந்தாள். அவருக்கு இடது கைப் பழக்கம். அதனால் மருத்துவர் வலது மணிக்கட்டைத் தேர்ந்து, நரம்பின் மேல் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். "இந்தக் கையில யாரையும் ஊசி குத்த விடாதீங்க."

ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். அதே மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது. பதினைந்து நாள் அவிழ்க்கக் கூடாது. தினமும் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயில் முன் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"கயித்த வெட்டிட்டு வாங்கண்ணா. ஆத்தா கோவிச்சுக்கவா போறா?" என்றாள் லிடியா போனில்.

"ஆத்தா மாட்டா சிஸ்டர். ஊட்டுக்காரிதான் கோவிச்சுக்குவா. நேந்தது அவ."

கலைமணி மறுக்கவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனாலும் பதினைந்து நாள்தானே என்று நினைத்தாள்.

பதினோராம் நாள், டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் அவருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. லிடியா பிளாஸ்திரியைப் பிரித்தாள். அடியில் பஞ்சு ஈரமாக இருந்தது. குழாய் நுழைந்த இடத்தில் சீழ்.

"தண்ணி பட்டுச்சாக்கா?"

கலைமணி வாயைத் திறப்பதற்குள், பல் கிட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "வேர்வைங்க சிஸ்டர்."

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. குழாயை எடுத்துத் தொடையில் வேறொன்று வைத்தார்கள். இடது கையில் இடமில்லாமல் போனதும் காலில் குத்தினார்கள். நினைவு தப்பும்வரை, ஊசியோடு யார் வந்தாலும் அவர் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கலைமணி காலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நான்காம் நாள் காலையில் மெஷினை நிறுத்தினார்கள்.

வீட்டில் உடலைக் குளிப்பாட்டும்போது வலது கையை மட்டும் அவளே கழுவினாள். காப்புக்குக் கீழே, பேனாக் கோடு போட்டிருந்த நரம்பு பச்சையாக, நேராக ஓடியது. அதில் ஒரு ஊசித் தடம்கூட இல்லை.