அன்பளிப்பு: பெனடிக்ட் குடும்பம்

மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஏலம் விட்டது நான்தான். மறுப்பதற்கில்லை. மைக் என் கையில் இருந்தது, சபை முழுக்கச் சாட்சி.

ஒத்தக்கடையில் எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்கு முன்னால் கயிறு கட்டி, ஜனங்கள் கொண்டுவந்த காணிக்கையை அதற்குள் அடுக்குவோம். கரும்பு, பூசணி, வாழைத்தார், கால் கட்டிய சேவல். கயிற்றுக்குள் வந்தது எதுவானாலும் ஏலத்துக்குத்தான் என்பது வழக்கம். ஒரு வருஷம் ஆயரின் குடைகூடப் போயிருக்கிறது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு இப்போதெல்லாம் அமைதியாக உட்கார்ந்து கேட்கும் வகுப்பு கிடைப்பது இந்த ஒரு நாள்தான் என்பதால், ஏலம் விடும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பூசணிகளுக்குப் பின்னால் ஒரு சாக்குமூட்டை இருந்தது. எங்கள் மலைப்பள்ளி டீச்சர் தூக்கி வந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"மலையிலேர்ந்து எறங்குன சரக்கு. உள்ள என்னன்னு கேக்கப்படாது. காப்பிக்கொட்டையா இருந்தா உங்க அதிர்ஷ்டம், கல்லா இருந்தா வீடு கட்டிக்கங்க" என்றேன்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜெய்சன், என் பழைய மாணவன், விடாமல் ஏற்றிக் கேட்டு வாங்கினான். அங்கேயே கட்டை அவிழ்த்தான். உள்ளே ஒரு சீலிங் ஃபேன். மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயிண்டில், 'அன்பளிப்பு: பெனடிக்ட் குடும்பம், ஒத்தக்கடை.'

பெனடிக்ட் என்பது அடியேன்.

"சார், உங்களையே ஏலத்துல எடுத்துட்டேன்" என்றான் ஜெய்சன். "வீட்டுக்குக் கொண்டுபோனா சோறு போடணுமா?"

சேவலைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது, சபை நடத்தும் மலைப்பள்ளிக்கு நான் கொடுத்த ஃபேன் அது. வேர்த்துக் கொட்டினால் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது என்பது மதுரையில் முப்பது வருஷம் நான் கண்ட உண்மை. ஒரு இறக்கையில் பேர் போட்டால் போதாதா என்று என் மனைவி ஜாய்ஸ் கேட்டாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தெரிய வேண்டாமா என்றேன். சுற்றும்போது எழுத்தே தெரியாது என்பது கணக்கு வாத்தியார் மண்டைக்கு எட்டவில்லை.

மலைப்பள்ளியின் ஒரே டீச்சர் ஜெஸி கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கயித்துக்குள்ள வச்சது என் தப்பு சார். ரிப்பேருக்குத்தான் கொண்டு வந்தேன்" என்றார்.

சிரிப்பு அதோடு அடங்கியிருந்தால் சரி. செயலாளர் ஞானதுரை அடங்கவில்லை. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கமிட்டி கூடுகிறது. ஏலப்பணம் மலைப்பள்ளிக்கா, ஆலய வாசலில் வளைவு கட்டவா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஜெஸி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஞானதுரையோ வளைவுக் கட்சி.

"பாத்தீங்களாண்ணே, குடுத்ததே திரும்பி வருது. அவங்களுக்கு என்ன கொறை? வளைவைக் கட்டிப்புடுவோம்" என்றார்.

என் வாய்ச் சவடால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உலை வைத்துவிட்டது. சாம்பார் இறங்கவில்லை. ஜெய்சனைக் கூட்டிக்கொண்டு சபைக் கூடத்துக்குப் போய், வயரை இழுத்து ஃபேனை ஓட்டிப் பார்த்தோம். நல்ல பிள்ளையாகச் சுற்றியது. ஜாய்ஸ் வந்து, நிறுத்தச் சொல்லி, இறக்கையின் விளிம்பை விரலால் தடவினாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"ஏங்க, ரெண்டு வருசம் ஓடுன ஃபேனா இது? நம்ம வீட்டுல ஒரு மாசத்துல கம்பளி மாதிரி தூசி சேருது."

அதுதானே. எனக்குள் ஒரு பூச்சி குடைய ஆரம்பித்தது. பந்தியில் ஜெஸியைத் தேடிப் பிடித்தேன்.

"டீச்சர், இதுல என்ன ரிப்பேரு?"

"சத்தம் வருது சார்."

"இப்ப ஓட்டிப் பாத்தோம். வரலியே."

"அங்க வரும் சார்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.

ஆயரிடம் போய் இதைக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, "சகலமும் நன்மைக்கே, பெனடிக்ட். பாயசம் சாப்பிட்டீங்களா?" என்றார். வகுப்பில் மூன்று பையன்களை முன்னால் நிறுத்தி, கண்ணாடியை உடைத்தது யார் என்று கேட்டபோதெல்லாம் எனக்குக் கிடைத்த அதே மாதிரி பதில்.

கமிட்டி கூடியது. ஞானதுரை ஜெஸியைப் பார்த்து, "சொல்லும்மா, அங்க எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"எல்லாம் நல்லாருக்குங்க. உங்க எல்லார் உதவிக்கும் ஸ்தோத்திரம்."

"அப்பறமென்ன, வளைவுதான்" என்றார் ஞானதுரை. ஆயர் முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடிவிட்டார். அவர் மூடினால் முடிந்தது. கண் திறக்கும்போது தீர்மானம் நிறைவேறியிருக்கும்.

"ஐயா, கொஞ்சம் கண்ணைத் தொறங்க" என்று எழுந்தேன். என் வாழ்க்கையில் ஒரு ஜெபத்தை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. "டீச்சர், நான் மனசு கஷ்டப்படுவேன்னு பாக்காதீங்க. எட்டாப்புக்கு இயற்கணிதம் நடத்துன மனசு இது, எதையும் தாங்கும். என் ஃபேனு அங்க சுத்துச்சா, இல்லியா? எதுக்கு எறக்குனீங்க?"

ஜெஸி ஞானதுரையைப் பார்த்தார். ஆயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு நாள்கூடச் சுத்தல சார். எங்க ஊருக்கு இன்னும் கரண்டு வரல. சோலார் லைட்டு ரெண்டு இருக்கு, அம்புட்டுத்தான். கரண்டு வந்தாலும் அந்தக் குளிருக்கு ஃபேனு எதுக்கு, புள்ளைக சட்டைக்குள்ள கைய விட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்துருக்குதுக. சபையிலேர்ந்து போட்டோ கேட்டாகன்னு மாட்டி வச்சுருந்தோம். விக்கத்தான் எறக்குனேன். நேத்து செல்லூர்ப் பழைய சாமான் கடைகள்ல ஏறி எறங்கிட்டேன், அடுத்தவுக பேரு எழுதுன ஃபேனு வேணாம்னுட்டாக. கூரை ஒரு பக்கம் போயிருச்சு சார். ஐப்பசி மழைக்கு முன்னாடி சரி பண்ணலன்னா புள்ளைகளை அனுப்ப மாட்டோம்னு தாய் தகப்பன் சொல்லிட்டாக. எங்களுக்குத் தகரம் வேணும்."