மாரீஸ்வரிக்குத் தெரியாத கன்னடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகத்தான் பிறந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் தெருவின் திருவிழா மலருக்குத் தெருவின் வரலாறு கேட்டார்கள். 'துங்கபத்திரைக் கரையிலிருந்து புறப்பட்ட' என்று தொடங்கி

[இதற்கு மேல் ஓடவில்லை. கன்னடம் பேசுகிறவர்கள் ஒரு கதை சொன்னார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் வேறு கதை. மழை பொய்த்த வருடங்களில் கரிசலிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், "நாங்க சும்மா பஸ்ஸு ஏறி வந்தோம்" என்றார்கள். எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். ஆனாலும் யார் முந்தி என்பதில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.]

2

அந்தத் தெருவில் ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். ஒரே சுவருக்கு இரண்டு குடும்பம். பகலெல்லாம் விசைத்தறிச் சத்தம். கரண்ட் போனால் தெருவே கண்மாய்த் தண்ணீருக்குள் இறங்கியதுபோல் அமைதியாகிவிடும். அப்போது மூன்று மொழிகளும் மெல்ல மேலே மிதந்து வரும்.

மாரீஸ்வரி நரிக்குடிப் பக்கத்துக்காரி. கணவன் ஜெயபாண்டி லாரி ஓட்டுகிறான். அந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்து ஒன்பது வருடம். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் சௌடப்பனும் மருமகள் சங்கரியும். கரண்ட் இல்லாத மதியத் தூக்கத்தில் அவர்களுடைய கன்னடம் மாரீஸ்வரிக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் கனவில், செத்துப்போன அவள் அப்பா கன்னடத்தில் தண்ணீர் கேட்டார். மொண்டு கொடுத்தாள். விழித்த பிறகுதான் அப்பாவுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாதே என்று நினைவு வந்தது.

[சுவர் வழியாக ஒரு மொழியைக் கற்க முடியுமா? எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் அவள் கற்றுவிட்டாள். இனி நான் என்ன செய்ய?]

3

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சங்கரி கரு கலைந்து வீடு திரும்பிய அன்று, சுவருக்கு அந்தப் பக்கம் அம்மனைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் கதறினாள். மாரீஸ்வரி ரசஞ்சோற்றோடு போய் நின்றாள்.

"சும்மாதேன் வந்தேன்க்கா."

"எப்பிடி மாரி, நான் ஒடஞ்சு கெடக்குறப்பல்லாம் சரியா வந்து நிக்கிற? அம்மன்தான் ஒன்னய அனுப்புறா."

அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வாள்? பாவம்.

4

இப்போதுதான் சிக்கல். சங்கரி வீட்டில் உட்கார்ந்து மாரீஸ்வரி தறிக்குப் போகும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறாள். சௌடப்பன் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே மருமகளிடம் கன்னடத்தில் பேசுகிறார். நான் தமிழில் தருகிறேன்.

"தைக்குள் இவர்களைக் காலி செய்யச் சொல்லிவிடு. என் தம்பி மகன் வருகிறான். வீடு நம்மவர்களுக்குத்தான்."

"நான் சொல்ல மாட்டேன் மாமா. அவள் முகத்தைப் பார்த்து என்னால் முடியாது."

நூல் அறுந்தது. மாரீஸ்வரி குனிந்தபடியே முடிச்சுப் போட்டாள்.

முதல் முடிவு: அவள் கன்னடத்திலேயே பதில் சொல்கிறாள். பெரியவர் அசந்துபோய், நீயும் நம்மவள்தான் என்று வீட்டை விட்டுவிடுகிறார். இதை எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன். பிறகுதான் சங்கரியின் முகம் தெரிந்தது. சுவரை நம்பி அவள் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வருகிறது. அம்மன் யாரையும் அனுப்பவில்லை. இவள் ஒட்டுக் கேட்டிருக்கிறாள்.

இரண்டாம் முடிவு: வாயே திறக்கவில்லை. பந்தல்குடியில் வேறு வீடு. இனி சங்கரி அழுதால் யார் போய் நிற்பது?

மூன்றாம் முடிவில் சௌடப்பன் மனம் மாறி

[அடித்துவிட்டேன். அவர் மாறுகிற ஆள் இல்லை.]

5

மறுநாள் மதியம். கரண்ட் இல்லை. மாமனார் விடவில்லை; காலி செய்யச் சொல்லத்தான் சங்கரி வந்திருக்கிறாள். மாரீஸ்வரியின் வாசலில் நிற்கிறாள், தமிழ் வரவில்லை. தலையைக் குனிந்து, தனக்குத்தானே கன்னடத்தில் முணுமுணுக்கிறாள்: "தாயே, இவள் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?"

மாரீஸ்வரிக்கு அது கேட்டுவிட்டது. அவள் பதிலை நான் எழுதவில்லை. எனக்குத் தைரியமில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தமிழிலா கன்னடத்திலா என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

"..............." என்றாள் மாரீஸ்வரி.

சங்கரி அழுதாள். அது இரண்டு முடிவிலும் உண்டு.