தொடர்புக்கு அவர் எண்

போன் அடித்தபோது அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். காலை வேளையில் அந்த வீட்டில் போன் அடித்து மூன்று வருடம் இருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு எடுத்தால் யாரோ ஒரு பெண்.

"சக்கர நாற்காலி இரவலாக் குடுக்கிறீங்களாமே, உங்க வெப்சைட்ல பார்த்தேன். எங்கப்பாவுக்கு இடுப்பு முறிஞ்சிருச்சுங்க."

அவர் வெப்சைட் செய்கிறவர். நாற்காலி கொடுக்கிறவர் இல்லை. படுக்கையில் விழுந்தவர்களுக்குக் கட்டிலும் நாற்காலியும் இரவல் கொடுக்கும் சங்கம் ஒன்றுக்கு இரண்டு மாதமாக உழைத்து, முந்தின நாள்தான் தளத்தைத் திறந்துவிட்டிருந்தார். தொடர்புப் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் எண்ணைப் போட்டவர், எடுக்க மறந்துபோனார். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அந்தக் கதைதான்.

"தப்பான நம்பரும்மா" என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்தப் பெண் அப்பா எப்படி விழுந்தார், இடுப்பு முறிந்த பிறகும் செருப்பைத் தேடினார் என்று சொல்லிக்கொண்டே போனாள். இவர் உம் கொட்டினார். வைத்ததும், தளத்தில் இருந்த விண்ணப்பப் படிவத்தை அவளே நிரப்பியதுபோல் நிரப்பிச் சங்கத்துக்கு அனுப்பினார். மறுநாள் நாற்காலி போய்ச் சேர்ந்தது. எண்ணை மாற்ற இரண்டு நிமிடம் போதும். டீ குடித்துவிட்டு மாற்றலாம் என்று நினைத்தார். டீ ஆறுவதற்குள் அடுத்த போன்; அதற்கும் ஒரு படிவம்.

மனைவி, மூன்று வருடம் முன்பு பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போனவள், போன இடத்திலேயே தங்கிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று பேசலாம். தினமும் 'சாப்டாச்சா' என்று ஒரு செய்தி வரும்; 'ஆச்சு' என்று இவர் அனுப்புவார். அதோடு அன்றைய தாம்பத்தியம் முடிந்தது.

சங்கத்தின் செயலாளர், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள், வாட்ஸப் குழு ஒன்று விடாமல் தளத்தைப் பரப்பினார். ஆஸ்பத்திரிச் சுவர்களில் தள முகவரியோடு நோட்டீஸும் ஒட்டினார். முதலில் திட்டம் போட்ட நாளிலிருந்தே அவருக்கும் இவருக்கும் ஒத்துப்போயிற்று.

"தம்பி, தலைவர் படம் பெருசா வரணுமாம். நாற்காலி படம் சின்னதாப் போதுமாம்."

"தலைவரை நாற்காலியில உக்கார வெச்சு ஒரே படமா எடுத்துரலாமேக்கா."

"வாய்க்கொழுப்பப் பாரு" என்று அன்றைக்குச் சிரித்தவர், தளம் திறந்த பத்தாம் நாள் கூப்பிட்டு அதிசயப்பட்டார். "எல்லாரும் எழுதியே அனுப்புறாங்க தம்பி. போன்ல ஒருத்தர்கூடப் பேச மாட்டேங்கிறாங்க. போனுக்குன்னே ஒரு அம்மாவ உக்கார வெச்சிருக்கேன், பாவம், ஈ ஓட்டிட்டிருக்கு."

"காலம் மாறிப்போச்சுக்கா" என்றார். சொன்ன பிறகு நாக்கு கசந்தது. நாளைக்கு மாற்றிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நேற்றும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனவர், திரும்பி வந்து பார்த்தால் ஒரே எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள். திருப்பி அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் ஒரு வயதானவர் எடுத்தார்.

"ஆமாங்க, நாந்தான். வீட்ல அவளை டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போகணும். நீங்க எடுப்பீங்கன்னு பார்த்தேன். அப்புறம் நானே தூக்கிட்டு மாடிப்படி இறங்கினேன். பாதியில கை விட்டுருச்சு."

"அடி பட்டுச்சாய்யா?"

"அவளுக்குப் பல்லு ரெண்டு போச்சு. அவ ஒண்ணும் சொல்லலைங்க. 'உங்களுக்கு அடி பட்டுச்சா'ன்னுதான் கேட்டா." பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாற்காலி இருக்குங்களா?"

"இன்னிக்கே வரும்யா" என்றார். படிவத்தை நிரப்பினார். அவசரம் என்று குறித்து அனுப்பினார். அப்புறம் தொடர்புப் பக்கத்தைத் திறந்து, தன் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழித்துவிட்டு, சங்கத்தின் எண்ணைப் போட்டார். கடிகாரம் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

போட்ட எண்ணை அழைத்துப் பார்க்காமல் விடுவது தொழிலுக்கு அழகில்லை. அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"சங்கம்ங்க. சொல்லுங்க." போனுக்கென்று உட்கார வைத்த அந்த அம்மாள். ஒரு தடவை போன் அடிக்காதா என்று காத்துக்கிடந்த குரல்.

எண் சரியா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று ஒரு வரி சொல்லி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த அம்மாளே அடுத்துக் கேட்டார்.

"வீட்ல யாருக்குங்க முடியல?"

அவர் கூடத்தைப் பார்த்தார். ஜன்னல் வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. அதை மிதிக்க ஆள் இல்லை.

"பேச வரலையா? பரவால்லங்க. நான் போனை வெக்க மாட்டேன்."

அவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி கடகடத்தது. நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஓசை. நோட்டின் புதுப் பக்கம் ஒன்று புரண்டது. பிறகு, பேனா மூடியைத் திறக்கும் சின்னச் சத்தம்.