தாய்மாமன் மடி

அலவாய் மலையின் தோளில் ஏறிய பங்குனிக் கதிரவன், வெண்ணந்தூர் வெளியெங்கும் வெம்மையைக் கொட்டி, ஏரிச் சேற்றைப் பாளமாய் வெடிக்கச் செய்து, சோளக்கொல்லையில் மேய்ந்த வெள்ளாடுகளையும் வேலமர நிழலுக்குத் துரத்திக்கொண்டிருந்த முற்பகற்பொழுது அது. உலகப் பெரும்போர் ஓய்ந்து ஓராண்டு நிறையவில்லை. ஓய்ந்துவிட்டதென ஆள்வோர் அறிவித்தனர். கற்றறிந்த நண்பரே, தாய்மார்க்கு அச்செய்தி அத்துணை விரைவில் எட்டுவதில்லை.

மலையாவின் இரப்பர்த் தோட்டத்துக்குக் கணவனோடு பிழைக்கப் போய், சப்பானியரால் சயாம் காட்டுக்கு இருப்புப்பாதை போட ஓட்டிச் செல்லப்பட்டு, அங்கே கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, ஓர் ஆண்குழந்தையோடு மீண்ட மாரக்காள், மாரியம்மன் கோயில் முன்னே நின்றிருந்தாள். முப்பதை எட்டாத அவள் உடல், பிழிந்து உதறிய துணிபோல் இருந்தது. பிள்ளை பிழைத்தால் உன் வாயிலில் காது குத்துகிறேன் என்று சிறைக்கொட்டகையில் அவள் நேர்ந்துகொண்டது இன்று நிறைவேறவிருந்தது. மாண்டவனின் வித்து மீண்டதென மகிழ்ந்த கணவன் வீட்டார், அவளுக்கு ஓர் அறையும் கொல்லையில் ஒரு பங்கும் ஒதுக்கியிருந்தனர். பிள்ளை இல்லையேல் அவளுக்கு அங்கே ஒன்றுமில்லை.

அவள் தமையன் செங்கோடன், தாய்மாமனுக்குரிய முறைப்படி சம்மணமிட்டு அமர்ந்து, குழந்தையை மடியில் இருத்தினான். பொற்கொல்லர் ஊசியை எடுத்தார். மாரக்காள் அம்மனின் முகத்தைப் பார்த்தாள். சயாமில் சப்பானியக் காவலரிடம் கூசாமற் சொல்லிவந்த பொய், அந்த முகத்துக்கு முன்னே நாவில் எழ மறுத்தது.

“அண்ணா, புள்ளைய எறக்கி உடுங்க. இது அவனுக்கு மாமன் மடி இல்லீங்க. நான் பெத்தவன் சயாமுக் காட்டுலயே போயிட்டான்.”

பிறகு அவள் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை, ஒரே கொட்டகையில் உடன் கிடந்த ஜலகண்டாபுரத்துப் பொன்னாயியின் மகன் மயில்சாமி. கணவனை முன்பே இழந்திருந்த பொன்னாயி பேதி கண்டு இறக்கையில் அவனை இவள் கையில் கொடுத்தாள். அதே கிழமையில் மாரக்காளின் மகன் கருப்பண்ணனும் இறந்தான். தாயற்ற பிள்ளைகளை வேறு கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள், போனவை மீண்டதில்லை. ஆகவே, தன் மகனைப் புதைத்த ஈரம் காயுமுன்னே, அவன் பெயரையே இவனுக்கு இட்டு, இவனே என் கருப்பண்ணன் என்றாள். உயிரோடிருப்பதாகச் சொன்ன மகனுக்காக எப்படி அழுவது? அவள் அழவில்லை.

கணவன் வீட்டார் எழுந்து போயினர். செங்கோடன் அன்றே பொன்னாயியின் உறவினரைத் தேடி ஜலகண்டாபுரத்துக்குப் புறப்பட்டான். தமையன் வீட்டில் காத்திருந்த மாரக்காள், உறவினர் வந்து குழந்தையைக் கொண்டுபோவர் என்றே உறுதியாக நம்பி, அவனுடைய சிறுதுணிகளைத் துவைத்து உலர்த்தி மூட்டையாகக் கட்டினாள். கட்டுவதும் அவிழ்ப்பதுமாக அந்நாள்கள் கழிந்தன. தன் வாயாலேயே பிள்ளையைத் தொலைத்தோமே என்னும் துயரம் அவளை அரித்தது. ஆயினும் சொன்னதைப் பொய்யென்று திருப்பிச் சொல்ல அவள் எண்ணவில்லை.

பொன்னாயியின் தம்பி தீர்த்தகிரி வந்தான். தமக்கையின் முடிவைக் கேட்டவன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்து, அம்மன் முன் அமர்ந்து மடியை விரித்தான். ஊசி ஏறியது, வீறிட்ட குழந்தை மாரக்காளை நோக்கியே கைநீட்டியது. அவள் அவனை வாங்காமல், துணிமூட்டையைத் தீர்த்தகிரியின் பக்கத்தில் வைத்தாள்.

தீர்த்தகிரி அதை அவளிடமே நகர்த்தினான். “அக்கா, மடி குடுக்கத்தானுங்க வந்தேன். புள்ளையக் கேக்க வரலீங்க. எம் பொறந்தவ நம்பிக் குடுத்த எடத்துலயே அவன் இருக்கட்டுங்க.”

மாரக்காள் குழந்தையை வாங்கி அணைத்து, மயில்சாமி என்று முதன்முறையாக அவனை அவன் பெயரால் அழைத்தாள். பின்பு அவனைத் தமையனிடம் தந்துவிட்டு, கோயிலின் பின்புறம் போய், மண்ணில் அமர்ந்து, கருப்பண்ணா, கருப்பண்ணா என்று கூவி அழுதாள். எவரும் தேற்றச் செல்லவில்லை. போர் எத்தனையோ தாய்மாரிடமிருந்து மக்களைப் பறித்தது. இவளிடமிருந்து அழுகையையும் சேர்த்துப் பறித்து வைத்திருந்தது. அவள் அழுது தீர அந்தியாயிற்று.