அருளப்பனின் கும்பிட்ட கைகள்

1991ஆம் ஆண்டு ஜூன் மாதம், சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் முடிகிற மாலை ஐந்து மணிக்கு, கன்னிவாடியில் ஜீப்பை விட்டு இறங்கிய சுயேச்சை வேட்பாளர் அருளப்பனின் கும்பிட்ட கைகள் பிரியவில்லை. அன்று சின்ன வெங்காயம் கிலோ மூன்று ரூபாய். விலையெல்லாம் அவருக்கு அத்துப்படி. திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் பதினைந்து வருடம் எடை போட்டவர். ஒரு தூக்குத் தூக்கி அவர் சொன்ன எடையைத் தராசு ஒருநாளும் மறுத்ததில்லை. அதனால்தான் தராசுச் சின்னம் கேட்டு வாங்கி நின்றார். டிரைவர் ராயப்பராஜ் விளக்கெண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தார், பலனில்லை. கைகள் கும்பிட்டபடியே ஜெயித்தன. பதவி போனால் தானாகப் பிரிந்துவிடும் என்று மதுரை எலும்பு மருத்துவர் சீட்டில் எழுதி, கூடவே சத்து மாத்திரையும் கொடுத்தார்.

வாக்கு எண்ணிய அன்றுதான் அவர் மனைவி அமலராணிக்கு, பதினோரு வருடம் காத்திருந்த பிறகு, பெண் பிறந்தது. நர்ஸ் குழந்தையை நீட்டினாள். அருளப்பன் கும்பிட்டபடி நின்றார். தன்னைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்து அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள். அன்புக்கரசி என்று பெயர் வைத்தார்கள். மடியில் கிடத்தினால் கொஞ்சலாம், தூக்க மட்டும் முடியாது.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. அமலராணி ஊட்டிவிட்டார். அருளப்பன் கட்டைவிரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகிக் கையெழுத்துப் போட்டார். கவரோடு வந்த காண்டிராக்டர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். தொகுதியில் எதுவும் வாங்காத கை அது ஒன்றுதான். வாங்க முடியாது என்பது வேறு விஷயம். ரோடு ரோடாகவே இருந்தது. கன்னிவாடி ஓடைக்குப் பாலம் வந்தது, மழைக்கும் நின்றது. 1996இல், "இந்தத் தடவ நிக்காதீங்க, புள்ள உங்க கைக்கு ஏங்குது" என்றார் அமலராணி. கொட்டுச் சத்தம் வாசலுக்கு வந்ததும் அருளப்பன் ஜீப்பில் ஏறிவிட்டார். ஆசைதான், வேறென்ன. முன்னைவிட இரண்டு மடங்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

2001இல் வேட்புமனு வாபஸ் வாங்கும் நாள் முடிந்த மறுநாள், கொடைரோடு ஸ்டேஷன் முன்னால் கூட்டம். அப்பாவைப் பார்க்க வந்திருந்த அன்புக்கரசி வெயிலில் கிறுகிறுத்து விழுந்தாள். "தூக்குங்கப்பா" என்றாள். அவர் கும்பிட்டபடி நின்றார். ராயப்பராஜ்தான் ஓடிவந்து தூக்கினார். அவர் தோளில் கிடந்தபடி பிள்ளை அப்பாவையே பார்த்துக்கொண்டு போனது. அந்தப் பார்வையை அருளப்பனால் தாங்க முடியவில்லை.

வாபஸுக்கு வழியில்லை. அதனால் மறுநாளிலிருந்து ஊர் ஊராகப் போய், தன்னைத் தோற்கடிக்கும்படி கேட்க ஆரம்பித்தார். என்ன தன்னடக்கம் என்று ஜனங்கள் மாலை போட்டார்கள். கன்னிவாடியில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த பேச்சாயி மட்டும், அவரைவிடப் பத்து வயது மூத்தவர், வரப்பேறி வந்து காது கொடுத்துக் கேட்டார்.

"எனக்குப் போடாதீங்கத்தா. எம்புள்ளையத் தூக்கணும்."

"கை பிரிஞ்சா எங்களுக்கு யாரு இருக்கா அப்பு? இம்புட்டுப் பாலத்த வேற எவன் கட்டுவான்?"

பேச்சாயி செத்த நேரம் அந்தக் கைகளையே பார்த்தார்.

"ஊரு வெங்காயத்துக்கெல்லாம் எட சொன்னியே, ஓம்புள்ள என்ன எட இருக்கும்?"

"தெரியாதுத்தா" என்று சொல்லி அருளப்பன் அழுதார். கண்ணைத் துடைக்கக் கை வரவில்லை. பேச்சாயி முந்தானையால் துடைத்துவிட்டார்.

அந்தப் பேச்சு பத்து நாளில் தொகுதி முழுக்கப் பரவியது. வாக்குப்பதிவு அன்று சாவடியிலிருந்து வெளியே வந்தவர்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததாகப் போலீஸ்காரர்களே சொன்னார்கள். ஆயிரத்து நூற்றுப் பதினான்கு வாக்கில் அருளப்பன் தோற்றார். கடைசிச் சுற்றை அறிவித்தபோது, பருத்திக்காய் வெடிக்கிற சத்தத்தோடு கைகள் பிரிந்தன. உள்ளங்கைகளில் பத்து வருடத்துக்கு முந்தைய வெங்காய வாசனை அப்படியே இருந்தது.

எண்ணிக்கை மைய வாசலில் அமலராணியோடு அன்புக்கரசி நின்றிருந்தாள். வயது பத்து, பள்ளிக்கூட அட்டையில் எடை இருபத்தாறு கிலோ. அருளப்பன் குனிந்து அவளைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ரெண்டு கிலோ எழுநூறு" என்றார்.

"பொறந்தப்ப ஆஸ்பத்திரிச் சீட்டுல அதான் போட்டிருந்துச்சு" என்றார் அமலராணி.

அங்கிருந்து நாகல் நகர் வீடு வரைக்கும் அவர் பிள்ளையை இறக்கவில்லை. கூப்பிட்ட ஆட்டோக்களுக்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். தக்காளிக் கூடையோடு எதிரே வந்த பேச்சாயி, "கை வலிக்கலையா அப்பு?" என்றார்.

"பச்சப்புள்ளதானத்தா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பேச்சாயியும் சரி என்று சந்தைக்குப் போனார்.