தூரத்தில் அம்மா

1
என் மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்ததால் கிடைத்த கதை இது. கடையில் அதைச் சரிசெய்யக் காத்திருந்தபோது, ஒரு தாய் தன் மகளைக் கண் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தாள். என் காதில் விழுந்தது இரண்டே வாக்கியம். மிச்சமெல்லாம் சொந்தச் சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இன்றைய குழந்தைகள் திரைகளின் முன்னால்...’ வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

2
மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவள் வாண்டு. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதி, வகுப்பில் மாட்டிக்கொண்டாள்.

“போன் நிறையப் பாப்பாளா?” என்று கேட்டார் கண் பரிசோதகர்.

“நான்தான் குடுத்தேன்” என்றாள் அம்மா.

(கேட்டது இவ்வளவுதான். இனி நான்.)

“கிட்டப்பார்வை. போனைக் குறைங்க. தினமும் வெளிய வெளிச்சத்துல விளையாட விடுங்க. கண்ணாடியக் கழட்டவே கூடாது, என்ன?”

வாண்டு தலையாட்டினாள்.

3
அம்மாவைப் பொறுப்பில்லாதவளாக எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை. சரி என்று ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டிலிருந்தபடி, காதில் ஹெட்போனோடு, வாடிக்கையாளர்களின் வசவுக்கெல்லாம் சிரித்த குரலில் பதில் சொல்லும் வேலை. பின்னால் குழந்தைச் சத்தம் கேட்டால் வேலைக்கு வேட்டு. போன் கையிலிருந்தால் வாண்டு கப்சிப். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

(அப்பா எங்கே என்பீர்கள். அவரை உள்ளே விட்டால் கதை அவர் பின்னாலேயே போய்விடும். வேலைக்குப் போயிருக்கிறார், விடுங்கள்.)

4
கண்ணாடி வந்த மறுநாள் மாலை. வாண்டு அதைப் போட்டுக்கொண்டு பள்ளியைவிட்டு வெளியே வருகிறாள். சாலைக்கு அந்தப் பக்கம் அம்மா. இத்தனை நாளும் அங்கே நின்றது ஒரு மங்கலான நிறம்தான். கிட்டே போனால் அது முகமாகும், அந்த முகம் எப்போதும் சிரிக்கும்.

இன்று இங்கிருந்தே முகம் தெரிகிறது. அம்மா இன்னும் மகளைப் பார்க்கவில்லை. சிரிப்பு இல்லை. அழுது வீங்கிய கண்கள்.

அம்மா அழுதது தன் கண்ணாடியால்தான், அதைப் பார்த்தால் இன்னும் அழுவாள் என்று வாண்டு நினைக்கிறாள். கை கண்ணாடிக்குப் போகிறது.

முடிவு ஒன்று: கழற்றிப் பைக்குள் போடுகிறாள். அம்மா பழையபடி சிரிக்கிறாள். வாண்டுவுக்கும் பழையபடி எல்லாம் மங்கல்.

முடிவு இரண்டு: கழற்றாமல் ஓடிப்போய், “நீ அழுதது அங்கேர்ந்தே தெரிஞ்சுதும்மா” என்கிறாள்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதைச் செய்யவேண்டியது நானல்ல, ஏழு வயதுக் குழந்தை. விரல்கள் கண்ணாடியைத் தொட்டுவிட்டன. அம்மா இதோ திரும்புகிறாள். சீக்கிரம், நீங்களாவது அவளிடம் ஏதாவது சொல்லுங்கள்.