மடித்த நுனி

குடோன் சூப்பர்வைசர் ஜெரி அந்த வெள்ளைத் தெர்மகோல் பெட்டியை மேசைமேல் வைத்து, டேப்பின் நுனியை விரலால் தட்டினான். இதை வாங்கிய ஆராய்ச்சி லேபில் டேப்பை நடுவில் கத்தியால் கீறித் திறந்திருந்தார்கள். அதனால் நுனி அப்படியே இருந்தது, உள்பக்கமாக ஒரு மடிப்போடு. ஈரக் கையோடு வருகிறவனும் பிடித்து இழுக்கத் தோதாக, காசிமேட்டில் மீன் பெட்டி ஒட்டுகிற நாங்கள் இப்படித்தான் மடித்து விடுவோம். திருவொற்றியூரில் உள்ள இந்தக் குளிர்க் குடோனில் மீன் பக்கமிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன், தாவூது ஒருவன்.

லேபிலிருந்து ஜூடி மேடம் வந்திருந்தார். பெட்டிக்குள் இருந்தது கட்டைவிரல் உயரக் குப்பி, அதில் சில சொட்டு. ஆன்டிபாடியாம். எனக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். எலி உடம்பில் நோயோடு சண்டை போடும் செல்கள் இருக்கின்றன. போதும், சொந்த உடம்பையே அடிக்காதே என்று அவற்றை அடக்கும் செல்களும் இருக்கின்றன. அந்த அடக்குகிறவர்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு காட்டிக் கொடுப்பதுதான் இந்தச் சொட்டின் வேலை என்றார். இந்தத் தடவை அது யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.

"மாத்திட்டாங்களா, உறைஞ்சு கெட்டுப்போச்சா, எனக்குத் தெரியணும் அண்ணா. இதுக்குன்னே வளர்த்த எலிங்க. வீணாப் போச்சு."

பெட்டியைத் திறந்தவனுக்கு இனி இங்கே வேலை இல்லை, வேறு குடோனிலும் சேர்க்க விடமாட்டேன் என்று ஜெரி சொல்லிவிட்டான். என் முட்டி இனி மீன் கூடை தூக்காது.

தாவூதைத்தான் நான் சந்தேகித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச் பூசை முடிந்து ராயபுரத்திலிருந்து வந்தபோது, கரண்ட் போய்த் திரும்பி வந்திருந்தது. ஜெனரேட்டரும் ஓடவில்லையாம். உள்ளே அவன் மட்டும்தான் இருந்தான், முழங்கை வரை ஈரத்தோடு. எதையும் தொடவில்லை என்றான். இந்தப் பெட்டியின் டேப் மடிப்பை நான் அப்போதே பார்த்தேன், கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் யாரோடு போனில் பேசுகிறான், பையில் என்ன கொண்டுபோகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வாங்கித் தந்த டீயை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தேன். ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

போன் பேச ஜெரி வெளியே போனான், மேடமும் பின்னாலேயே போனார். பெட்டியின் உள்சுவரில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். கல்லுப்பு.

அப்புறம்தான் புரிந்தது. ஐஸ் சீக்கிரம் கரையும்போல் இருந்தால், உடைத்த ஐஸில் உப்பை அள்ளிப் போடுவோம். குளிர் இன்னும் ஏறி மீன் கல்லாக இறுகிவிடும். கரண்ட் போனதும் பதறி ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்திருக்கிறான். கரண்ட் வந்ததும் அதையெல்லாம் கொட்டிவிட்டு, பழைய ஜெல் பைகளையே வைத்து மூடியிருக்கிறான். உறைய விடாதே என்று பெட்டிமேல் இங்கிலீஷில் போட்டிருந்ததாம். நாற்பதைத் தாண்டித்தான் தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். அவனுக்கு அதுவும் இல்லை. எவனும் எடுக்காத அக்கறையை எடுத்துத்தான் குப்பியை உறையவைத்துக் கெடுத்திருக்கிறான்.

வாசலில் நின்ற தாவூதிடம் போய் மெதுவாகக் கேட்டேன்.

"உப்பு போட்டியா?"

"இன்னா உப்பு? சும்மா பேஜாரு பண்ணாத மாமு," என்றான். கண் மட்டும் பெட்டிக்குப் போய்த் திரும்பியது.

திரும்பி வந்த ஜெரி இரண்டு காலிப் பெட்டிகளையும் ஒரு டேப் சுருளையும் மேசையில் போட்டான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். ஆளுக்கு ஒண்ணு ஒட்டுங்க. எவன் கை மடிக்குதோ, அவன் வேலைய வுட்டுட்டு வூட்டுக்குப் போலாம்."

தாவூது முதலில் ஒட்டினான். அவன் இவ்வளவு மெதுவாக ஒட்டி நான் பார்த்ததில்லை. நுனியைத் தட்டையாக வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பெட்டியோடு பெட்டியாக்கினான். என் முகத்தைப் பார்க்காமல் சுருளை நீட்டினான். அவன் கை பட்ட இடம் ஈரமாக இருந்தது.

என்னை மாட்டிவிடுகிறானா, பயத்தில் செய்கிறானா, தெரியவில்லை.

டேப்பை இழுத்தேன். அது கிறீச்சிட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தது. ஜெரி குனிந்து என் கையையே பார்த்தான். பல்லால் அறுத்தேன். நாக்கில் இன்னும் உப்புக் கரித்தது. ஃபேன் காற்றில் நுனி ஆடியது. அதன் அடியில் என் கட்டைவிரல் தானாக வளைந்துகொண்டிருந்தது.